கொழுந்து பறிக்க மூளை வேண்டாமாம்

தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளையை மிரட்டப் பூச்சாண்டி தேவையில்லை. கணக்குப் பரீட்சையில் புள்ளி குறைந்தால் வகுப்பில் வாத்தியாரும் லயத்தில் தாயும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: “படிக்காட்டி மலைக்குத்தான் போகணும்.” சொல்லுகிற தாய் அப்போதுதான் மலையிலிருந்து வந்து, படங்கை அவிழ்த்துப் போட்டு, காலில் ஏறிய அட்டையைப் பிய்த்துக்கொண்டிருப்பாள். தன் பிழைப்பையே பிள்ளைக்குத் தண்டனையாக எடுத்துக் காட்டுகிறாள். பிள்ளை வெளியேற வேண்டும் என்ற அவளுடைய ஆசையில் எனக்குக் குறையில்லை. அந்தக் கூலிக்கும் அந்தக் காம்பராவுக்கும் எந்தப் பிள்ளையையும் யாரும் நேர்ந்துவிட வேண்டியதில்லை. என் சண்டை அந்த வசனத்துக்குள் ஒளிந்திருக்கும் நம்பிக்கையோடு. மலை வேலை என்பது படிப்பு ஏறாதவர்களுக்கு மிஞ்சிய வேலை, அதற்குக் கையும் காலும் போதும், மூளை வேண்டாம் என்ற நம்பிக்கை. கம்பெனிக்காரர் இதை நம்புகிறார். அரசாங்கம் நம்புகிறது. கண்டி டவுனில் கடை வைத்திருப்பவர் நம்புகிறார். கொழுந்து எடுப்பவளே நம்புகிறாள் என்பதுதான் கொடுமை.

இந்த நம்பிக்கைக்கு ஓர் இரட்டைப் பிறவி உண்டு. மே தினத்திலும் தேயிலை தினத்திலும் மேடையேறுகிறவர்கள் “இந்த எளிய மக்களிடம் நாம் கற்க வேண்டிய வாழ்க்கைப் பாடம் எவ்வளவோ” என்று தொடங்குவார்கள். என்ன பாடம் என்று பார்த்தால் பொறுமை, போதுமென்ற மனம், விடியுமுன் எழும்பும் பழக்கம், எந்தக் கஷ்டத்திலும் மாறாத சிரிப்பு. வேலையில் அறிவில்லை என்று ஒரு கையால் தள்ளிவிட்டு, மனதில் ஞானமிருக்கிறது என்று மறு கையால் தடவிக் கொடுக்கிறார்கள். கணக்கு சுலபமானது. அறிவு என்று ஒப்புக்கொண்டால் கூலி கொடுக்க வேண்டும். பொறுமைக்கு ஒரு சால்வை போதும்.

அப்படிக் கொழுந்து எடுப்பதில் என்ன இருக்கிறது? தேயிலைப் பெட்டியில் ‘இரண்டு இலையும் ஒரு கொழுந்தும்’ என்று படம் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு அவ்வளவுதான் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் நிரை பிடித்துப் பார்க்கட்டும். ஒரே செடியின் முகத்தில் இன்றைக்கு எடுக்க வேண்டியதும் அடுத்த சுற்றுக்கு விட வேண்டியதும் பக்கம் பக்கமாக நிற்கும். நடுவில் குருத்து அடங்கி வளர்ச்சி நின்றுபோனது இருக்கும், கைதவறி முற்றிப்போனது இருக்கும். அடங்கியதை ஒடித்து எறியாவிட்டால் அந்தக் கிளை சும்மா கிடக்கும். எடுக்க வேண்டியதை விட்டால் அடுத்த முறை கரட்டிலைதான். விட வேண்டியதை எடுத்தால் செடி இளைக்கும், ஏனென்றால் கீழே விடப்படும் இலைதான் அடுத்த துளிருக்குச் சாப்பாடு ஆக்குகிறது. சுற்று ஐந்து நாளில் வர வேண்டுமா, ஏழு நாள் போகலாமா என்பது மழை, மலையின் உயரம், கவ்வாத்து முடிந்து எத்தனையாவது வருடம் என்பதையெல்லாம் பொறுத்தது. ஒவ்வொரு கொழுந்துக்குமான இந்தத் தீர்ப்பை அவள் விரல் நுனியில் சொல்லிக்கொண்டு போகிறாள். இரண்டு கையும் இரண்டு பக்கம் ஓடுகின்றன, கண் அடுத்த செடிக்குப் போய்விட்டது, முதுகில் கூடை, காலடியில் ஈரச் சரிவு. செடியின் முகம் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க மட்டக்கம்பு கொடுத்திருப்பார்கள். பழகியவளுக்கு அது கணக்கப்பிள்ளை வரும்போது காட்டுவதற்குத்தான்.

கூடைக்குள்ளும் வேலை இருக்கிறது. கொழுந்தை அமுக்கி நிரப்பினால் சூடேறிச் சிவந்துபோகும். ஸ்டோர் என்கிற தொழிற்சாலையில் நடக்க வேண்டிய காரியம் கூடையிலேயே அரைகுறையாக நடந்துவிடும். அவள் கைப்பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலால் வீசுவது சுற்றுலாப் படத்துக்காக இல்லை; கொழுந்து கையில் கசங்கக் கூடாது. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்தில் ஒரு கிலோ தேயிலை வரும். மலையில் கெட்டதை ஸ்டோரில் திருத்த முடியாது என்பது எந்த டீமேக்கருக்கும் தெரியும். கொழும்பு ஏலத்தில் ருசி பார்த்து விலை சொல்கிறவரை நிபுணர் என்கிறோம். அவர் ருசித்த இலையைத் தேர்ந்தெடுத்தவளுக்கு என்ன பெயர்? கூலி.

கவ்வாத்துக்காரரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவரை யாரும் படம்கூட எடுப்பதில்லை. அஞ்சலட்டைகளில் பெண்களும் கூடைகளும்தான். சில வருடங்களுக்கொரு முறை செடியை வெட்டி இறக்கிப் புதிதாகத் துளிர்க்கவைக்கும் வேலை அவருடையது. கத்தி ஒரே வீச்சில் இறங்க வேண்டும். வெட்டு சாய்வாக, மழைத் தண்ணீர் தேங்காமல் வழியும்படி நிற்க வேண்டும். கட்டை பிளந்தால் அந்தப் பிளவு வழியாகப் பூஞ்சை இறங்கி, சில வருடங்களில் செடி உள்ளுக்குள் கோதாகிவிடும். எந்தக் கிளை நிற்கும், எது போகும், எதைத் துளைவண்டு தின்றிருக்கிறது என்பதெல்லாம் செடிக்கு ஓரிரு நிமிடத்துக்குள் முடிவாக வேண்டும். துளைவண்டு நமது பக்கத்து மலைகளின் பழைய சாபம். 1892இல் கம்பளைப் பக்கத்து கிரேக்ஹெட் தோட்டத்தில் முதன்முதலாகப் பதிவானது. 1925இல் ஆரம்பித்துப் பின்பு தலவாக்கலையில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், கவ்வாத்துக்கு முன் வேரை வெட்டி அயடீன் தொட்டு மாப்பொருள் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறது. வேரில் சேமிப்பில்லாத செடியை வெட்டினால் அது செத்துப்போகலாம். நல்ல முறை, மறுக்கவில்லை. பழைய கவ்வாத்துக்காரர் அதே கேள்வியோடு மலையில் ஒரு நடை நடந்து, இலையின் நிறத்தையும் துளிர் வரும் வேகத்தையும் பார்த்து, “இந்த மலை இன்னும் கொஞ்சம் ஆறட்டும் ஐயா” என்பார். கேள்வி ஒன்றுதான். ஒருவருடைய பதில் ஆய்வறிக்கையில் போகிறது. மற்றவருடையது செக்ரோலில் ஒரு பேராக முடிகிறது.

தேயிலை இந்த நாட்டில் வேரூன்றிய கதையையே இப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறோம். தெல்தோட்டையை அடுத்த லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அவர் கோப்பிக் காலத்தில், 1852இல், பதினேழு வயது நிறையுமுன் கப்பலேறி வந்தவர். 1869இல் கோப்பி இலைத்துரு நோய் வந்து அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பியைத் துடைத்தெடுத்தபோது டெய்லரின் 19 ஏக்கர்தான் மற்றத் துரைமாருக்கு வழிகாட்டியது. ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்தில் அவருக்கென்று ஒரு பகுதியே இருக்கிறது. இருக்கட்டும், அவர் கெட்டிக்காரர். ஆனால் அந்த முதல் தேயிலை எப்படி ஆனது? அப்போது ஸ்டோர் அவருடைய பங்களாதான். வராந்தாவில் மேசை போட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கையையே உருளையாக்கிக் கொழுந்தைச் சுருட்டினார்கள். மண் அடுப்பில் கரி நெருப்பு மூட்டி, கம்பித் தட்டில் காய வைத்தார்கள். எவ்வளவு நேரம் சுருட்டினால் சாறு வெளிவரும், எந்த மணம் வரும்போது நெருப்புக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதற்கு அன்று கடிகாரமோ வெப்பமானியோ மட்டும் போதவில்லை. அந்த மேசையைச் சுற்றி நின்ற கைகளும் மூக்குகளும் பழகிப் பழகித்தான் அது தொழிலானது. டெய்லரின் பெயர் கல்லில் இருக்கிறது. மேசையைச் சுற்றி நின்றவர்களில் ஒருவர் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை. 1892இல் அவர் லூல்கந்துரவில் இறந்தபோது உடலைக் கண்டி மஹியாவ மயானம் வரை 24 பேர் இரு அணியாகப் பிரிந்து, நான்கு மைலுக்கு ஒருமுறை தோள் மாற்றிச் சுமந்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கை துல்லியமாக இருக்கிறது. பெயர்கள் இல்லை.

அதே காலத்தில் அமெரிக்காவில் இன்னொரு டெய்லர் இருந்தார், பிரெட்ரிக் வின்ஸ்லோ டெய்லர். மூளை வேண்டாம் என்ற நம்பிக்கைக்கு விஞ்ஞானச் சட்டை தைத்துப் போட்டவர் அவர்தான். பெத்லெஹெம் இரும்பாலையில் வார்ப்பிரும்புக் கட்டிகளைத் தூக்கி வண்டியில் ஏற்றுகிற ஒரு தொழிலாளியைப் பிடித்து, எப்போது தூக்கு, எப்போது உட்கார் என்று ஒவ்வொன்றையும் சொல்லி, ஒரு நாளைக்கு 12½ தொன் ஏற்றியவனை 47½ தொன் ஏற்றவைத்ததாகப் பெருமைப்பட்டார். கூலியோ 1.15 டொலரிலிருந்து 1.85 ஆனது. 1911இல் வெளியான தன் நூலில், இந்த வேலைக்கு ஒரு கொரில்லாவைக்கூடப் பழக்கலாம் என்ற பொருளில் எழுதினார். யோசிப்பது அலுவலகத்தின் வேலை, தூக்குவது ஆளின் வேலை. வேடிக்கையானது, அந்த ஆளை அடையாளம் காட்ட அதே நூலில் அவரே தரும் விவரம்தான்: 1.15 டொலர் கூலியில் அவன் ஒரு துண்டு நிலம் வாங்கியிருந்தான், வேலைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் தன் வீட்டுச் சுவரைத் தானே கட்டிக்கொண்டிருந்தான். அவரால் மாட்டு மூளைக்காரன் என்று சொல்லப்பட்டவன் வீடு கட்டுகிறான்! தான் எழுதிய வரியைத் தானே படிக்காத டெய்லரின் சீடர்கள் இன்று நம் தோட்ட ஆபீஸ்களிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். சர்வதேசத் தொழில் வகைப்படுத்தலிலும் பயிர்ப் பண்ணைக் கூலியாட்கள் ஒன்பதாம் தொகுதியில், ‘அடிப்படைத் தொழில்கள்’ என்ற தலைப்பின் கீழ், திறன் ஏணியின் கடைசிப் படியில்தான் நிற்கிறார்கள்.

நம் கம்பெனிகளின் நாக்கு எப்படிப் புரளும் என்று பாருங்கள். சம்பளப் பேச்சு வரும்போது இது திறன் தேவையில்லாத வேலை, இவ்வளவுக்கு மேல் தாங்காது. ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை வருடக்கணக்கில் இழுபட்டு 2021 மார்ச்சில்தான் வர்த்தமானிக்கு வந்தது. வந்த கையோடு பல தோட்டங்களில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாட்சம்பளத்துக்கு, எடுக்க வேண்டிய கிலோவும் ஏறியது. 2024இல் 1,700 என்று அறிவித்து, நீதிமன்றம் வரை போய், செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாயில் நின்றது. ஆனால் அதே கம்பெனிகள் வருமானப் பகிர்வு என்ற புதுத் திட்டத்தைப் பற்றிப் பேசும்போது மொழி மாறிவிடும். ஒரு குடும்பத்துக்கு இத்தனை செடி என்று பிரித்துக் கொடுத்துவிடுவோம், உரம் போடுவது, புல் வெட்டுவது, கொழுந்து எடுப்பது எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்ளட்டும், விளைச்சல் கூடும் என்கிறார்கள். கூலி கேட்கும்போது மூளையில்லாதவன், நட்டம் பகிரும்போது திடீரென்று முகாமையாளன் ஆகிவிடுகிறான். இந்த இரண்டில் எது உண்மை என்று கம்பெனியே முடிவு செய்து சொல்லட்டும்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தியபோது பேராசிரியர்களின் பேச்சே எடுபடவில்லை, மலையில் நிற்பவளிடம் யார் கேட்கப் போகிறார்கள்? உரம் போடாத மலை எத்தனை சுற்றுக்குத் தாக்குப்பிடிக்கும், எப்போது இலை வெளிறும், எப்போது கொழுந்து அடங்கும் என்பதைத் தன் கூடையின் எடையிலேயே வாரா வாரம் அளந்துகொண்டிருந்தவள் அவள். அந்த வருடம் நவம்பரில் தடையை விலக்கினார்கள். 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடியாக விழுந்தது. எரிபொருள் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது உண்மைதான், ஆனால் செடியின் பசியை மறைக்க அது போதாது.

இப்போது பொறுமைக்கு வருவோம். இந்த மக்களுக்கு நாம் கட்டிவிட்ட பட்டங்களில் எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இதுதான். லூல்கந்துரவிலிருந்து அதிக தூரமில்லாத முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் 1940 ஜனவரியில் போலீஸ் சுட்டுத் தொழிலாளி கோவிந்தன் இறந்தார். ஹேவாஹெட்டைப் பக்கத்து லயங்களில் இருந்தவர்கள் போதுமென்ற மனத்தோடு வாழ்ந்திருந்தால் அந்தத் துப்பாக்கிக்கு வேலையே இருந்திருக்காது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் இவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். 2003இல்தான் மிச்சமிருந்தவர்களின் குடியுரிமைக்குச் சட்டம் வந்தது. இத்தனை காலம் இவர்கள் சும்மா இருந்ததாகச் சொல்கிறவர்கள் வரலாற்றைப் படித்தவர்கள் இல்லை. வாக்கும் காணியும் இல்லாமல், லயத்தின் கூரை துரையின் கையில் இருக்கும்போது, எப்போது வாயைத் திறக்கலாம், எப்போது பல்லைக் கடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்தார்கள்.

கணக்கு என்றதும் லயத்துப் பெண்ணின் மாதக் கணக்கு நினைவுக்கு வருகிறது. சம்பளத்தில் சங்கச் சந்தா கழியும், ஊழியர் சேமலாப நிதி கழியும், தீபாவளி முற்பணத்தின் தவணை கழியும். மிஞ்சியதில் கடைப் பற்று, சீட்டு, பிள்ளையின் டியூஷன், பஸ் காசு. தோட்டைக் கழற்றிக் கண்டியில் அடகு வைத்தால், அதை மீட்கச் சீட்டை எந்த மாதம் ஏலம் எடுக்கலாம், எந்த மாதம் எடுத்தால் கழிவு அதிகம் என்று அவளுக்குத் தெரியும். பருவம் நன்றாயிருந்து கைக்காசு வரும் மாதங்களை முன்கூட்டியே குறித்து வைத்திருப்பாள். மரணச் செலவுக்கு லயத்துக்கு லயம் சங்கம் வைத்து, யார் வீட்டில் சாவு விழுந்தாலும் தேத்தண்ணிச் செலவிலிருந்து மறுநாள் சோறு வரை ஓடிவிடும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். காப்புறுதிக் கம்பெனி எட்டிப் பார்க்காத இடத்தில் காப்புறுதி. இதைச் செய்கிறவளுக்குக் கணக்கு வராது என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லி ஐந்தாம் வகுப்போடு அனுப்பியிருப்பார்கள்.

மாசி மாதம் காமன் கூத்து ஆடும் தோட்டங்களில் கூத்து வாத்தியாரைப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் இரவிரவாகப் பாட்டு மாறாமல், ஆட்டம் மாறாமல் நடத்தி முடிப்பார். மூளை இல்லை என்கிற சபையில் அவரையும் கொண்டுவந்து நிறுத்தலாம். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேசப் போவதில்லை; கலை என்றால் உடனே கை தட்டிவிட்டுக் கூலியை மறந்துவிடுவது நமது பழக்கம்.

மலையைப் படிக்கும் அறிவு இன்னொன்று. சரிவில் வெட்டியிருக்கும் கான் மண்ணால் மூடிப்போனால் தண்ணீர் எங்கே இறங்கும் என்று கான் வெட்டுகிறவருக்குத் தெரியும். நிலத்தில் வெடிப்பு, சுவரில் விரிசல், சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய அல்லது புதிதாகக் கிளம்பிய ஊற்று ஆகியவற்றை மண்சரிவின் முன்னறிகுறிகளாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் துண்டுப் பிரசுரம் போட்டுச் சொல்கிறது. லயத்தில் கிழவிகள் இதே பட்டியலைத் துண்டுப் பிரசுரம் வருவதற்கு முன்பே வைத்திருந்தார்கள். ஆனால் அறிகுறி தெரிந்தவளுக்குப் போக வேறு காணி வேண்டும். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தயில் மலை இறங்கி லயங்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை அதற்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. தெரியாமல் நடந்த சாவுகள் என்று அவற்றைச் சொல்ல முடியாது.

மலையில் சொல்வதெல்லாம் வேதம் என்று நான் சொல்ல வரவில்லை. பச்சிலையை நம்பி ஆஸ்பத்திரிக்குப் பிந்திப் போன உயிர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. முகத்தை மூடாமல் மருந்தடித்துவிட்டு ‘பழகிப்போச்சு’ என்பதும் உண்டு, கவசம் கொடுக்காத தோட்டத்தின் குற்றம் அதில் பாதி என்றாலும். எந்தத் தொழிலின் அறிவிலும் பிசகு இருக்கும். டாக்டரின் பிசகை வைத்து வைத்தியத்துக்கு மூளை வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

“அப்படியானால் பிள்ளைகளை மலைக்கே திருப்பி அனுப்பச் சொல்கிறாயா?” என்று கேட்பார்கள். இல்லை. பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள், பல்கலைக்கழகத்துக்கும் போகிறார்கள். போகட்டும். தாயின் வேலை கேவலம் என்பதால் போகிறோம் என்று நினைத்துப் போக வேண்டாம். கூலி கேவலம் என்பதால் போகிறோம் என்று தெரிந்து போகட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. முதலாவதில் பிள்ளை தாயைப் பார்த்து வெட்கப்படும், இரண்டாவதில் கம்பெனியைப் பார்த்துக் கோபப்படும்.

மேசனுக்கும் சமையற்காரருக்கும் முன்அனுபவத்தைச் சோதித்துத் தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் முறை இந்த நாட்டில் இருக்கிறது. பரீட்சை எழுத வேண்டியதில்லை, செய்து காட்டினால் போதும். கவ்வாத்துக் கத்தி பிடித்தவரையும் முப்பது வருடம் நிரை பிடித்தவளையும் அந்த மேசைக்கு அனுப்ப எந்தத் தோட்ட ஆபீஸ் முன்வரும்? சான்றிதழ் கையில் வந்தால் அடுத்த கேள்வி திறனுக்கேற்ற சம்பளம் என்று வரும், அதனால்தான் அனுப்ப மாட்டார்கள் என்பது என் கணிப்பு. தொழிற்சங்கங்களும் இதில் சுத்தமில்லை. கிலோவையும் ரூபாயையும் பேசிப் பழகிய தலைவர்கள் வேலையின் நுட்பத்தைப் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுபோனதாக எனக்குத் தெரியவில்லை. சம்பளப் பேச்சு நடக்கும் அறையில் வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவே கொழுந்து எடுக்கும் இரண்டு பெண்களுக்கு நாற்காலி போடட்டும். மழை நாளில் மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று எத்தனை கிலோ கழிப்பது நியாயம், எத்தனை கிலோ கழிப்பது திருட்டு என்ற கேள்வி அங்கே வரும்போது, பதில் அவர்கள் இருவருக்கும்தான் தெரியும்.